உடைய வேண்டிய பின்

அப்பு,

போன வியாழக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கொச்சிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் நம் படகு மோட்டாரின் ஜோடி கிடைத்திருக்கிறது, தலை போய்விட்டது, ஆனால் தண்ணீருக்குள் இறங்கும் கால் மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது, வாங்கிவிட்டேன் என்றாய். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வந்து, பதினோரு வருஷமாக நம் மாடிப்படிக்குக் கீழே சாக்கு மூடிக் கிடக்கும் மோட்டாரை எடுத்துப் போய், காலை மாற்றி, காளியப்பனிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாய். நீயே ஓட்டலாமே என்று கேட்டேன். "இல்லப்பா, காளியப்பண்ணன் வச்சுக்கட்டும். எனக்குக் கவனம் பத்தாது" என்றாய். இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். உனக்குக் கவனம் பத்தாது என்பது பொய். அந்தப் பொய்யைச் செய்தவன் நான். என் கையாலேயே செய்தேன், ஒரு பூட்டைச் செய்வதுபோல அளவெடுத்துச் செய்தேன். நேரில் சொல்லத் துப்பில்லாததால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதையையே முதலில் இருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். வரிசையாகச் சொன்னால்தான் உனக்குத் தெரியாத இடம் எது என்று விளங்கும். உனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மலைமேல் படகு விடும் ஓர் இடத்தில் கழித்துப் போட்ட மோட்டாரை வாங்கி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாய். உன்னைவிட வயதில் மூத்த மோட்டார். பச்சைப் பெயின்ட் உரிந்து, கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்புகிற பழைய சாதி. அதன் உதிரிச் சாமான்களைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். தெருவே கூடி நின்றது. "திண்டுக்கல்ல குடிக்கவே தண்ணியக் காணோம், எம்மகன் படகு மோட்டார் வாங்கிட்டு வந்திருக்கான்" என்று நான்தான் முதலில் சிரித்தேன். நீயும் சிரித்தாய். மூன்று மாதம் அதைக் கழற்றி மாட்டி, ஓடவைத்து, பாலசமுத்திரம் பக்கத்து அணைக்குக் கொண்டுபோனாய். அங்கே பரிசலில் மீன் பிடிக்கிற காளியப்பனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாய். அக்கரையில் பரிசல்காரர்கள் பிடிக்கிற மீனை, ஐஸ் வண்டி வருவதற்குள் இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது உன் படகின் வேலை. அவர்கள் துடுப்புப் போட்டு வந்தால் மீன் கெட்டுவிடும், நீ வந்தால் கெடாது. நல்ல யோசனைதான். அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை.

நான் மாதம் ஒரு ஞாயிறு பஸ் பிடித்து அங்கே வருவேன். வேடிக்கை பார்க்கத்தான் வருவேன், ஆனால் உதவிக்கு வருவதாகச் சொல்லிக்கொள்வேன். அணைக்குள் தண்ணீருக்கு அடியில், பழைய காலத்துப் புளியும் கருவேலமும் வெட்டிவிட்டுப் போன அடிக்கட்டைகள் நிறைய. படகு போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று மோட்டார் வீறிட்டுக் கத்தும், படகு நின்றுவிடும். நீ மோட்டாரை அணைத்து, காலைத் தூக்கி, முனையில் இருக்கிற காத்தாடியைக் கழற்றுவாய். உள்ளே, காத்தாடியையும் அதைச் சுற்றவைக்கிற தண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற சின்னப் பித்தளைப் பின் இரண்டாக உடைந்திருக்கும். வேறு பின் போடுவாய், படகு கிளம்பும். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று பின் உடைந்ததைப் பார்த்தேன். என் உடம்பே கூசியது. நாற்பது வருஷம் பூட்டுப் பட்டறையில் கை தேய்ந்தவன் நான். கடப்பாரையால் நெம்பினாலும் பூட்டு விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். "உடையுறதுக்குன்னு ஒரு சாமானா? எவன்டா செஞ்சான் இத? நம்ம பட்டறையில இப்பிடிச் செஞ்சா மறுநாளு கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்" என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்த காளியப்பன்தான் பதில் சொன்னான். "ஏனுங்க, அது காவு பின்னுங்க. அடி விழுந்தா அது போயிரும், மத்ததெல்லாம் நின்னுக்கும். சாமிக்குக் கிடா வெட்டறமில்லங்க, அந்த மாதிரிதானுங்க." எனக்கு எரிச்சலாக இருந்தது. பரிசல் தள்ளுகிறவன் எனக்கு இரும்பைப் பற்றிச் சொல்லித் தருவதா என்று நினைத்தேன். இப்படியெல்லாம் நினைக்கிற ஆள்தான் உன் அப்பன்.

இனி உனக்குத் தெரியாதது. அடுத்த வாரம் பட்டறையில், பூட்டு வளையத்துக்கு வரும் எஃகுக் கம்பியில் ஒரு துண்டு வெட்டினேன். உன் டப்பாவில் இருந்து நான் எடுத்து வந்த பித்தளைப் பின்னோடு வைத்து அளந்து, அதே கனத்துக்கு ராவினேன். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பதம் இறக்கினேன். அரத்தை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு நல்ல வேலையை என் மேஸ்திரிக்குக்கூடச் செய்து கொடுத்ததில்லை. அடுத்த தடவை நான் வந்தபோது, நீயும் காளியப்பனும் சாப்பிடப் போயிருந்த செத்த நேரத்தில், காத்தாடியைக் கழற்றிப் பித்தளையை எடுத்துவிட்டு எஃகைச் செருகினேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ வேண்டாம் என்பாய், உன் பக்கம் அவன் சேர்ந்துகொள்வான். முதலில் ஆறு மாதம் உடையாமல் ஓடட்டும், அப்புறம் சொல்லி உங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் பார்க்கலாம் என்று இருந்தேன்.

ஓடியது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம், ஒரு பின்னும் உடையவில்லை. பின் உடைந்தால்தானே காத்தாடியைக் கழற்றுவாய், அதனால் நீயும் உள்ளே பார்க்கவில்லை. "எனக்கு இப்பத்தான்ப்பா தண்ணி பழகியிருக்கு" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உன் அம்மா என்ன என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். ஆனால் அந்த மூன்று மாதத்தில் நான் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் இருந்தேன். முன்பெல்லாம் பின் உடைந்த ஒவ்வொரு இடத்திலும் நீ ஒரு மூங்கில் கழியை நட்டு, அதன் தலையில் வெள்ளைக் கேன் ஒன்றைக் கட்டிவைப்பாய். அடுத்த தடவை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவாய். பின் உடைவதுதான் உனக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற தகவல். நான் அந்தத் தகவலை நிறுத்திவிட்டேன். கட்டையில் காத்தாடி உரசும், எஃகு தாங்கிக்கொள்ளும், உனக்குத் தெரியாது. மாசியில் இருந்து அணையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கட்டைகளெல்லாம் மேலே வந்துகொண்டிருந்தன. நீ புதிதாக ஒரு கழிகூட நடவில்லை. வழி சுத்தமாக இருக்கிறது என்று நம்பினாய். நம்பவைத்தவன் நான்.

சித்திரையில் ஒரு நாள் காலை பட்டறைக்குப் போன் வந்தது. அக்கரையில் இருந்து மீனோடு வரும்போது, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் காத்தாடி சிக்கிக்கொண்டதாம். மேலே மோட்டார் முழு வேகத்தில் சுற்றுகிறது, கீழே காத்தாடி அசையவில்லை. நடுவில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. காலுக்குள் இருந்த கியர் பல்லெல்லாம் நொறுங்கி, தண்டு முறுக்கிக்கொண்டு, மூடியும் வெடித்து, படகு கழுத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல நின்றது. முன்னால் நின்று வலையை ஒதுக்கிக்கொண்டிருந்த காளியப்பன் விளிம்பில் விழுந்து, வலது மணிக்கட்டு போய்விட்டது. நான் பஸ்ஸில் வந்து இறங்கியபோது நீங்கள் இரண்டு பேரும் பழனியில் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். மோட்டார் கரையில் சாக்குமேல் கிடந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

நான் செய்த தப்புகளில் முதல் தப்பு முட்டாள்தனம். அதற்கு மன்னிப்பு உண்டோ இல்லையோ, நாலு பேரிடம் சொல்லிவிடலாம். அடுத்தது அப்படியில்லை. காத்தாடியைக் கழற்றினேன். என் பின் அப்படியே இருந்தது. கீறல்கூட இல்லை. அதை எடுத்துத் தண்ணீரில் வீசினேன். உன் டப்பாவில், உடைந்த பித்தளைப் பின்களை ஒரு பாலிதீன் பையில் போட்டு வைத்திருந்தாய், எந்தப் பின் எங்கே உடைந்தது என்று துண்டுச் சீட்டோடு. அதில் இரண்டு துண்டை எடுத்து எஃகு இருந்த இடத்தில் வைத்து, காத்தாடியைத் திரும்ப மாட்டினேன். கை நடுங்கவில்லை அப்பு. நடுங்கியிருந்தால் இன்றைக்கு அதையாவது எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்வேன். பட்டறையில் என் கை தப்பாது என்று பேர். அந்தப் பேர் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது மனதில் ஓடியது.

சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். காளியப்பன் கையில் கட்டு, உன் சட்டையில் மீன் செதில். நீ நேராக மோட்டாரிடம் போய்க் காத்தாடியைக் கழற்றினாய். உடைந்த பித்தளையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். "பின்னு உடைஞ்சும் கியரு போயிருக்குன்னா, நான் எம்புட்டு வேகத்துல வந்திருக்கணும்ப்பா" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "கண்ணு பொடனியிலயா இருந்துச்சு? ஒருத்தன் கைய முடிச்சுப்புட்டு வந்து நிக்கிற. ஓட்டத் துப்பில்லாத பயலுக்கு எதுக்குலே படகு?" என்று கத்தினேன். பரிசல்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ஐஸ் வண்டி டிரைவர், எல்லோரும் நின்றார்கள். கை உடைந்தவன்தான் குறுக்கே வந்தான். "ஏனுங்க, அவனத் திட்டாதீங்க. தண்ணிக்குள்ள இருக்கறது ஆருக்குங்க தெரியும்?" என்றான். உனக்குத் தெரிந்திருக்கும். நான் அந்தப் பின்னைத் தொடாமல் இருந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கு அப்புறம் நீ படகை விட்டாய். திருப்பூர் போனாய், கல்யாணம் செய்தாய், பிள்ளை பெற்றாய். கூடவே இன்னொன்றையும் விட்டுவிட்டாய் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. போன தீபாவளிக்கு வந்தபோது என் பேத்தி மடியில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, எங்கப்பாவுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது, அம்மாதான் ஓட்டுவாங்க, அப்பா பின்னாடி பையப் பிடிச்சுக்கிட்டு உக்காருவாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். உன் பெண்டாட்டியும் சிரித்தாள், நீயும் சிரித்தாய். பதினேழு வயதில் என் ஓட்டை டிவிஎஸ்ஸை வத்தலகுண்டு ரோட்டில் கையை விட்டு ஓட்டிக் காட்டியவன் நீ. நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பண்டிகையும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

உன்மேல் கோபமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஏன்டா அப்படியே நம்பினாய்? உடைந்த பித்தளையின் வாய் கறுத்துப் பழசாக இருந்ததே, அன்றைக்கு உடைந்தது என்றால் பளபளவென்று இருக்காதா? இரண்டு துண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று சேர்த்துப் பார்த்தாயா? பூட்டுக்காரன் மகன்தானே நீ? ஒரு வார்த்தை சந்தேகப்பட்டிருந்தால் நான் அங்கேயே மாட்டியிருப்பேன். சந்தேகத்தை எல்லாம் உன்மேலேயே போட்டுக்கொண்டாய். அப்பா இப்படிச் செய்வார் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது, ஆத்திரம் உன்மேல் கிளம்பி என்மேல் வந்து விழுகிறது.

புதுக் காலை மாட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்று அப்பனாகச் சொல்ல ஆசை. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே வேலை செய்வாய், நான் அலட்சியமாகக் கேட்டதுபோல இருந்தாலும் ஒன்றையும் மறக்கவில்லை. பின் பித்தளைதான் போட வேண்டும், அதே கனம், ஒரு நூல்கூட அதிகம் இருக்கக் கூடாது. படகில் எப்போதும் ஆறு பின், காத்தாடி மூடியைப் பிடிக்கிற வளைகம்பி நாலு, ஒரு குறடு, எல்லாம் கயிற்றில் கட்டிய பையில். அடிபட்டால் கால் தானாக மேலே தூக்கிக்கொள்ள வேண்டும், ஆடுகிறதே என்று அதைக் கம்பி போட்டுக் கட்டிவிடக் கூடாது. அதையும் கட்டச் சொன்னவன் நான்தான், நல்லவேளை நீ கேட்கவில்லை. தண்ணீர் இறங்குகிற மாதங்களில் பாதி வேகம்தான், கரை நெருங்கினால் மோட்டாரை நிறுத்திக் காலைத் தூக்கிவிட்டுத் துடுப்புதான். எந்தச் சின்ன அடி பட்டாலும் அன்று மாலையே காத்தாடியைக் கையால் சுற்றிப் பார்த்து, இறக்கையில் பிசிறு இருந்தால் ராவி, கால் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். தண்டில் நரம்பு வலை சுற்றியிருக்கிறதா என்று வாரம் ஒரு முறை. இவ்வளவையும் இருபத்து நான்கு வயதில் தானாகத் தெரிந்துகொண்டு, ஒரு நாள் தவறாமல் செய்தவன் போனில் சொல்கிறான், எனக்குக் கவனம் பத்தாது என்று. இதைப் படித்துவிட்டு அந்தப் பேச்சை இனி உன் வாயில் எடுக்காதே. காளியப்பன் சொன்ன கணக்கில் பார்த்தால், அந்தக் காவு பின் போக வேண்டிய இடத்தில் உன்னை அனுப்பிவிட்டு நான் முழுசாக நிற்கிறேன்.

இங்கே எழுதி நிறுத்திவிட்டு, காலை பதினோரு மணிக்கு உன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவளுக்கும் இதுவரை தெரியாது. வெஞ்சனத்துக்கு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கப் படித்து முடிக்கும்வரை ஆய்வதை நிறுத்தவில்லை. அப்புறம் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "ஒவ்வொரு போன்லயும் வண்டியத் தொட்டுறாத சாமின்னு நான் சொல்லுவேன். அவனும் சரிம்மாம்பான். பதினோரு வருசமா எம்பிள்ளையப் பயந்தாங்கொள்ளி ஆக்குனது என் வாயின்னுல்ல ஆகிப்போச்சு" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க" என்றாள். முறத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு, "லெட்டரப் போட்டுட்டு அவன் வர்ற அன்னைக்குப் பட்டறையில போயி ஒளிஞ்சுக்குவீங்களோ?" என்று கேட்டாள். அப்படித்தான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு என்பது அவளுக்குத் தெரியும், அன்றைக்கும் வேலை இருப்பதாகச் சொல்ல நான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். மத்தியானம் சோறு மட்டும் எடுத்து வைத்தாள்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உன்னோடு அணைக்கு வருகிறேன். காளியப்பனுக்குப் போன் செய்தேன். "ஒரு பேச்சு இருக்கு, அன்னைக்குக் கரையில நின்னவங்கள்ல யாரு இருந்தாலும் வரச்சொல்லு" என்றேன். "வாங்க, வாங்க, தம்பி வாரதே சந்தோசமுங்க" என்றான், வளைந்து கூடிய அந்தக் கையோடுதான் இன்னும் பரிசல் போடுகிறான். அத்தனை பேர் முன்னால் உன்னைத் திட்டினேன், அத்தனை பேர் முன்னால் சொல்லிவிடுகிறேன். அவன் என்னை அடித்தால் அடிக்கட்டும். நீ கத்தினால் கத்து. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் மூஞ்சியைப் பார்க்காமல் திருப்பூருக்கே பஸ் ஏறினாலும் ஏறு, உன் அம்மாவைக் கேள், அவளும் உன்னோடு வந்துவிடுவாள். ஒன்று மட்டும் செய்யாதே. நான் சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கப்பா, பரவாயில்ல" என்று சொல்லிவிடாதே. உன் குணத்துக்கு நீ அதைத்தான் சொல்வாய். நீ சொன்னால், நான் உடனே அதை நம்பிவிடுவேன்.

அப்பா